தோட்டப் பள்ளியும் கணினியும்: பேராக்கில் சிந்தனைக் கல்வியின் வரலாறு

மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ள மாநிலம் பேராக். அங்குள்ள 134 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை ரப்பர் தோட்டங்களில் பிறந்தவை. பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்துவிட்டது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. ஆனாலும் பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல், அதாவது தோட்டம் என்ற சொல், இன்னும் நிற்கிறது. இந்தப் பள்ளிகளுக்குக் கணினியும் படவீழ்த்தியும் இணையமும் வந்து சேர்ந்த கதை ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு உட்பட்டது. தோட்டத்துப் பிள்ளைக்குச் சிந்திக்கக் கற்றுத்தர வேண்டுமா என்ற கேள்வியோ நூறாண்டு பழமையானது. பின்னால் வந்த கருவிகள் எதைச் சாதித்தன, எதைச் சாதிக்கவில்லை என்பதை அந்தப் பழைய கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

ரப்பர் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வழியாகப் பேராக்கின் கோலகங்சாருக்கு வந்தன. அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்ட அந்தத் தலைமுறை மரங்களில் ஒன்று இன்றும் அவ்வூரில் காக்கப்பட்டு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகமெங்கும் மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பர் விலை ஏறியபோது, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களைச் சுற்றியும், வடக்கே சுங்கை சிப்புட், பாகான் செராய் பக்கமும், தெற்கே தாப்பா, பீடோர், சிலிம் ரீவர் வரையிலும் தோட்டங்கள் விரிந்தன. கங்காணிகள் தமிழகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைத் திரட்டி வந்தார்கள். பிள்ளைகளும் வந்தார்கள். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளுக்குமேல் உள்ள தோட்டத்தில் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது; 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது.

சட்டத்திற்காகத் திறக்கப்பட்ட பள்ளிகள் எப்படியிருந்தன என்பதை ஊகிப்பது கடினமல்ல. கோயில் மண்டபத்திலோ, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையிலோ, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி அறையிலோ வகுப்பு நடந்தது. கற்பித்தவர் பல தோட்டங்களில் தோட்ட எழுத்தரான கிராணியாகவோ எழுத்தறிந்த கங்காணியாகவோ இருந்தார். பரப்பிய மணலும் பிறகு கற்பலகையும் கருவிகள். எழுத்து, வாய்ப்பாடு, கொஞ்சம் வாசிப்பு: அவ்வளவே பாடம். அவற்றையும் ஆசிரியர் சொல்லப் பிள்ளைகள் உரக்கத் திரும்பச் சொன்னார்கள். தாய்மொழிக் கல்வி என்பது விவசாயி மகனைத் தேர்ந்த விவசாயியாக்குவதற்கு என்பது அக்காலக் காலனி அதிகாரிகளின் வெளிப்படையான கொள்கை. மலாய்ப் பிள்ளைகளைக் குறித்துச் சொல்லப்பட்ட அந்தக் கொள்கை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தியது. விடியலில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, மரம் சீவி, பால் எடுத்து வரும் அடுத்த தலைமுறையை வளர்ப்பதே அந்தப் பள்ளியிடம் எதிர்பார்க்கப்பட்டது. கேள்வி கேட்கும் மாணவன் அந்த ஏற்பாட்டுக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் ஓரறைப் பள்ளிக்குள் திட்டமிடாமலே ஒரு நல்ல பழக்கம் வந்து சேர்ந்திருந்தது. ஆசிரியர் ஒருவரே எல்லா வகுப்புக்கும் பொறுப்பு என்பதால், மூத்த பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். தமிழகத்தின் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்த மூத்த பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ‘மெட்ராஸ் முறை’ என்றே பரப்பினார். பிறருக்கு விளக்கும்போதுதான் ஒருவருக்குத் தன் புரிதலில் உள்ள ஓட்டை தெரியும். சிந்தனைத் திறன் என்று இன்று கல்வித்துறை பேசுவதன் ஒரு வேர் இங்கே இருக்கிறது. வீட்டிலும் அப்படியே: மாலையில் லயத்து வாசலில் பாட்டி போடும் விடுகதையும், கடைக்கணக்கை மனத்தாலேயே கூட்டிச் சொல்லும் பழக்கமும் பள்ளிக்கூடம் தராத பயிற்சியைத் தந்தன.

இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா வந்து, தொழிலாளர் நிலை குறித்த அறிக்கையை 1937இல் வெளியிட்டார். அதையொட்டிய காலத்தில்தான் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தனி ஆய்வாளரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தேவை என்பதை அரசு ஏற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தமிழ்ச் சமூகமே பள்ளி கட்ட முன்வந்தது. சுங்கை சிப்புட்டில் வீ. தி. சம்பந்தன் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலை 1954இல் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். தோட்ட எல்லைக்குள் முதலாளியின் தயவில் நடக்கும் பள்ளிக்கும், நகரத்தில் மக்கள் தங்கள் காசில் கட்டிய பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கட்டடம் காட்டியது. நாடு விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 530 உள்ளன.

விடுதலைக்குப் பிறகு தமிழ்ப்பள்ளி தேசியக் கல்வி அமைப்புக்குள் வந்தது. பொதுக் கலைத்திட்டமும் அரசுச் சம்பளமும் வந்தன. கூடவே தேர்வும் வந்தது. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை மலாய்வழி இடைநிலைப் பள்ளிக்குப் போகுமுன் ஓராண்டு புகுமுக வகுப்பில் தங்க நேரிட்டது. மலாய்மொழியில் தேறியவர்கள் அந்த ஓராண்டைத் தவிர்க்கலாம். தொடக்கப்பள்ளியின் முடிவில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988இல் தொடங்கி, பள்ளியின் பெயரையே நிர்ணயிக்கும் அளவுக்கு வளர்ந்தது. சென்ற ஆண்டு வினாத்தாள்களை வரிசையாகச் செய்து பார்ப்பது பாடமுறையாயிற்று. தோட்டப் பள்ளியின் மனப்பாடத்தை ஒழித்த இடத்தில் தேர்வின் மனப்பாடம் உட்கார்ந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். ஏழைப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. லயத்தைவிட்டு வெளியேற அந்தத் தாள் ஒன்றுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த வழி.

கருவிகளில் முதலில் வந்தது தொலைக்காட்சி. கல்வி அமைச்சின் கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூன் 19ஆம் நாள் தொடங்கியது. பல தோட்டங்களில் அப்போது மின்சாரம் என்பது ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம் மட்டுமே. பகல் வகுப்பில் திரை எரிய வழியில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ரப்பர் விலை சரிந்து தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனைக்கு ஆள் குறைவாகவே வேண்டும். குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும், தொழிற்சாலை இருந்த பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. நகரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் இடம் நெருக்கடியாயிற்று. தோட்டத்துப் பள்ளிகளில் நாற்காலிகள் காலியாயின. 150 பேருக்குக் குறைந்த பள்ளியைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. பேராக்கின் தோட்டத்துப் பெயர் கொண்ட பள்ளிகள் பலவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

கணினி வகுப்பறைக்குள் வருமுன் தமிழ் கணினிக்குள் வர வேண்டியிருந்தது. அந்தப் பணியில் மலேசியத் தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருள், பின்னர் முரசு அஞ்சலாக மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்த் தட்டச்சைப் பரவலாக்கியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. ஓர் ஆசிரியர் தட்டச்சு செய்த வினாத்தாள் வேறு எழுத்துரு உள்ள கணினியில் வெறும் குறிகளாகத் தெரிந்த காலம் அது. யூனிகோடு நிலைபெற்ற பிறகே ஒரு பள்ளியின் பாடக்குறிப்பு மற்றொரு பள்ளிக்குச் சிதையாமல் போய்ச் சேர்ந்தது. இந்த அடிப்படை வேலை கல்வி வரலாறுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டும்.

அரசின் முதல் பெரிய முயற்சி 1997இல் வகுக்கப்பட்ட விவேகப் பள்ளித் திட்டம். மலாயில் ‘செகோலா பெஸ்தாரி’. மனப்பாடத்தை விட்டுச் சிந்தனையை வளர்ப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். 1999 முதல் 2002 வரை நாடு முழுவதும் ஏறக்குறைய 90 பள்ளிகளில் அது முன்னோடியாக நடந்தது. அதற்கென உருவாக்கப்பட்ட மென்பாடங்கள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கானவை. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்து 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது. ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும், வகுப்புக்குப் படவீழ்த்தியும், ஆங்கிலக் குறுந்தட்டுகளும் கிடைத்தன. பேராக்கின் தோட்டப் பள்ளிகளில் பலவற்றுக்கும் கணினி முதலில் இந்த வடிவில்தான் அறிமுகமானது.

அந்தக் கருவிகள் பிள்ளைகளைக் கவர்ந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் குறுந்தட்டு ஓடியது, பிள்ளை பார்த்தது. மகரந்தச் சேர்க்கை திரையில் அசைந்து தெரிந்தது. அது ஏன் நடக்கிறது என்று தன் மொழியில் கேட்கச் சொல் இல்லாத ஏழு வயதுப் பிள்ளை ஆங்கிலப் பதத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டது. சிந்தனை மொழியில் நடக்கிறது. வீட்டில் பேசாத மொழியில் ஒரு கருத்தைப் பிரித்துப் பார்ப்பது பெரியவருக்கே சிரமம். இத்திட்டம் கைவிடப்படும் என 2009இல் அறிவிக்கப்பட்டு, 2011இல் தொடங்கிய புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்துடன் அறிவியலும் கணிதமும் தமிழ்ப்பள்ளிகளில் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. அமெரிக்காவில் 1967இல் லோகோ என்ற நிரல்மொழியைச் சிறுவர்களுக்காக உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், கணினி பிள்ளையை இயக்கக்கூடாது, பிள்ளைதான் கணினியை இயக்க வேண்டும் என்று வாதிட்டவர். குறுந்தட்டுக் காலத்து வகுப்பறையில் கணினியை இயக்கியவர் ஆசிரியர். பிள்ளையின் கை அதைத் தொடவே இல்லை.

திருப்பம் வந்தது ஓர் அதிர்ச்சியால். டிம்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வில் மலேசிய மாணவர்களின் கணிதச் சராசரி 1999இல் 519ஆக இருந்தது. 2011இல் 440ஆக வீழ்ந்தது. அறிவியலில் 2003இல் 510, 2011இல் 426. தெரிந்ததை ஒப்பிக்கும் வினாவில் தேறிய பிள்ளைகள், தெரிந்ததைப் புதிய இடத்தில் பயன்படுத்தும் வினாவில் தடுமாறினார்கள். 2013 முதல் 2025 வரையிலான மலேசியக் கல்விப் பெருந்திட்டம் உயர்நிலைச் சிந்தனைத் திறனை மையத்தில் வைத்தது. 2016க்குள் யூ.பி.எஸ்.ஆர். வினாக்களில் குறைந்தது 40 விழுக்காடு அத்தகையவையாக இருக்க வேண்டும் என்றும் இலக்கு வகுத்தது. அத்திறனைக் குறிக்கும் ‘கேபாட்’ என்ற மலாய்ச் சுருக்கம் தமிழ் ஆசிரியர் அறைகளில் அன்றாடச் சொல்லாயிற்று.

அதே காலத்தில் வந்த ‘ஐ-திங்க்’ திட்டம் எட்டு வரைபடங்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கரான டேவிட் ஹைர்லே வகுத்த இவற்றுக்குத் தமிழாசிரியர்கள் நல்ல பெயர்கள் சூட்டினார்கள்: வட்ட வரைபடம், குமிழி வரைபடம், இரட்டிப்புக் குமிழி வரைபடம், மர வரைபடம், இணைப்பு வரைபடம், நிரலொழுங்கு வரைபடம், பல்நிலை நிரலொழுங்கு வரைபடம், பால வரைபடம். ஒவ்வொன்றும் சிந்தனையின் ஒரு செயலுக்குரியது: வரையறுத்தல், விவரித்தல், ஒப்பிடுதல், வகைப்படுத்தல், முழுமையைப் பகுதிகளாகப் பிரித்தல், வரிசைப்படுத்தல், காரணமும் விளைவும் காணல், ஒப்புமை காணல்.

இந்த வரைபடங்களின் பயன் பேராக்கின் சூழலிலேயே தெளிவாக விளங்கும். பால்மரத்தையும் செம்பனையையும் இரட்டிப்புக் குமிழியில் ஒப்பிடச் சொன்னால், தாத்தா சீவியதும் மாமா அறுப்பதும் ஒரே தாளில் வருகின்றன. மரம் சீவுதல், பால் சேகரித்தல், அமிலம் விட்டு உறைய வைத்தல், உருளையில் அழுத்துதல், புகைக்கூண்டில் உலர்த்துதல் என்று ரப்பர்த் தகடு உருவாகும் முறை நிரலொழுங்கு வரைபடத்தில் தானாக அமைகிறது. தோட்டம் ஏன் மூடப்பட்டது என்ற கேள்வியைப் பல்நிலை வரைபடத்தில் வைத்தால் உலகச் சந்தை விலை, செயற்கை ரப்பர், செம்பனையின் இலாபம், நில விற்பனை ஆகியவை ஒரு பக்கமும், இடப்பெயர்வு, பள்ளியில் குறைந்த எண்ணிக்கை, புறநகர்க் குடியிருப்பு ஆகியவை மறுபக்கமும் நிற்கும். தன் குடும்பத்துக்கு நேர்ந்தது தலைவிதி அல்ல, காரணங்களால் விளைந்தது என்று பத்து வயதில் ஒரு பிள்ளை காண்கிறது. சிந்தனைக் கல்வியின் உச்சம் இதுவே. தாளில் தொடங்கிய இவ்வரைபடங்களைக் கணினியில் வரையும்போது குமிழிகளை நகர்த்தலாம், சேர்க்கலாம், அழிக்கலாம். தவறு செய்ய அஞ்சாத மனநிலை வருகிறது. அழிப்பான் தேய்த்துக் கிழிந்த தாளைக் கண்ட பிள்ளைக்கு அது சிறிய விடுதலை அல்ல. வரைபடம் சடங்காகி, பெட்டிகளை நிரப்புவதே பாடமாகிவிட்ட வகுப்புகளும் இருந்தன. கருத்தைத் தேடாமல் வடிவத்தை மட்டும் திணித்த இடத்தில் அது மற்றொரு மனப்பாடமே.

நாட்டின் ஏறக்குறைய 10,000 அரசுப் பள்ளிகளுக்கும் அதிவேக இணையமும் ‘ஃபிராக்’ என்னும் மெய்நிகர்க் கற்றல் தளமும் தரும் ஒப்பந்தம் 2011 இறுதியில் கையெழுத்தானது. அதன் பயன்பாடு குறைவாக இருந்ததைத் தேசியத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை பின்னர் சுட்டியது. 2019இல் அந்த ஒப்பந்தம் முடிந்து கூகள் வகுப்பறை வந்தது. 2020இல் ‘டெலிமா’ என்ற பொதுத்தளம் திறக்கப்பட்டது. செம்பனை மரங்களுக்கு நடுவே தொலைத்தொடர்புக் கோபுரம் எட்டாத பள்ளிக்குத் தளத்தின் பெயர் மாறியதால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை.

மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகள் பலவீனமானவை என்பது பொதுக் கருத்து. மொத்த மாணவர் முப்பதுக்கும் குறைவான பள்ளியில் இரு ஆண்டு மாணவர்களை ஒன்றாக உட்கார வைத்துக் கூட்டு வகுப்பு நடத்துவார்கள். ஆசிரியர் ஒரு பிரிவுக்குக் கற்பிக்கும்போது மறு பிரிவு காத்திருக்கும். ஒரு சில கணினிகளேனும் உள்ள இடத்தில் இந்தக் காத்திருப்பை மாற்ற முடியும்: ஒரு பிரிவு தானே தேடி, அளந்து, வரைந்து ஒரு முடிவுக்கு வந்து மறு பிரிவுக்கு விளக்கலாம். பழைய சட்டாம்பிள்ளை முறைக்கும் இதற்கும் உறவு நெருக்கமானது. நாற்பது பேர் நெருக்கி உட்காரும் நகரத்து வகுப்பில் ஒரு கருவியை எட்டுப் பேர் பகிர வேண்டியிருக்கும். பத்துப் பேர் உள்ள தோட்டத்து வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் கையும் விசைப்பலகையைத் தொடும். இந்த வாய்ப்பைக் கல்வித் திட்டமிடுவோர் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை.

நோய்த்தொற்றுக் காலம் எல்லாவற்றையும் வெட்டவெளிச்சமாக்கியது. 2020 மார்ச் 18ஆம் நாள் நாடு முடங்கியது, பள்ளிகள் மூடின. அப்போது கல்வி அமைச்சு பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. கருவி இருந்த வீடுகளிலும் பெரும்பாலும் அது அப்பாவின் திறன்பேசி. அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் அண்ணனுக்கும் தங்கைக்கும் முறை வரும். ஆசிரியர்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் குரல்பதிவு அனுப்பினார்கள். இணையம் இல்லாத பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள்களை அச்சிட்டு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டு. 2021 பிப்ரவரி 17இல் டிடிக் டிவி என்ற கல்வி அலைவரிசை தொடங்கியது. ‘செர்டிக்’ திட்டத்தின் வழி 500 பள்ளிகளின் 150,000 மாணவர்க்குக் கருவிகள் தர இலக்கு வைக்கப்பட்டது. அந்த இரண்டாண்டில் கருவி பயன்பாட்டில் ஆசிரியர்கள் அடைந்த தேர்ச்சி அதற்கு முந்தைய பத்தாண்டுப் பயிற்சிகள் தந்ததைவிட அதிகம். சிந்தனைத் திறனுக்கோ அது இழப்பின் காலம். திரைக்கு அப்பால் இருப்பவரிடம் ‘ஏன் சார்?’ என்று கேட்கப் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் குறைந்தது.

2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நிரந்தரமாக நீக்கப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியை ஆட்டிவைத்த தேர்வு போனதும் வகுப்பறைக்கு நேரம் கிடைத்தது. பள்ளிசார் மதிப்பீடு அதன் இடத்துக்கு வந்தது. ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்ற பாடத்தில் இப்போது பிள்ளைகள் நிரல் எழுதுகிறார்கள். ஒரு பெரிய சிக்கலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிப்பது, அவற்றில் ஒரே அமைப்பைக் காண்பது, படிமுறையாகக் கட்டளை எழுதுவது, பிழை வந்தால் எங்கே என்று பின்னோக்கித் தேடுவது: கணினிமுறைச் சிந்தனை எனப்படும் இது 2017 முதல் மலேசியக் கலைத்திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர்க்கென அஸ்தி எனப்படும் அறிவியல், தொழில்நுட்பப் புத்தாக்கக் கழகம் நடத்தும் அறிவியல் விழாவும் இதே திசையில் பெரும் தொண்டு செய்திருக்கிறது. அங்கே பிள்ளை ஒரு கேள்வியைத் தானே தேர்ந்து, சோதனை செய்து, அதை விளக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு அன்று மறுக்கப்பட்ட உரிமை அதுதான்.

தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் பேராக் மண்ணிலேயே தமிழாசிரியர்களையும் உருவாக்கி வருகிறது. 2023 இறுதியில் அரசு மின்னியல் கல்விக் கொள்கையை வெளியிட்டது. முதலாம் ஆண்டு மாணவர்க்கான புதிய கலைத்திட்டத்துக்கு 2027ஆம் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. கருவியும் கொள்கையும் வந்துவிட்டன. இன்னும் குறையாக இருப்பது தமிழில் பாடப்பொருள். செய்முறைக் காணொளி, தரவுத் தொகுப்பு, நிரல் பயிற்சி என்று ஆசிரியர் தேடும்போது மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைப்பதில் சிறு பகுதியே தமிழில் கிடைக்கிறது. ஆசிரியர் ஒவ்வொருவரும் இரவில் உட்கார்ந்து தனித்தனியே மொழிபெயர்த்துக்கொள்கிறார். அந்த உழைப்பு அவருடைய நினைவக விரலியிலேயே தங்கிவிடுகிறது. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பாகான் செராயிலும் உள்ள ஆசிரியர்கள் தாங்கள் உருவாக்கிய பாடங்களைப் பொதுவில் வைக்க வேண்டும். கணினித் துறையில் உள்ள முன்னாள் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அவற்றைத் தொகுத்துத் திறந்த களஞ்சியமாக்கித் தர வேண்டும். 134 பள்ளிகளும் அதற்காகக் காத்திருக்கின்றன.